நடுவயதுப் பெண்களின் மனச்சோர்வு: இரு கணக்குகளுக்கு இடையே

நம் நாட்டின் சுகாதாரக் கணக்கில் பெண்ணுக்கு இரண்டு வயதெல்லைகள் உண்டு. ஒன்று 49, மற்றொன்று 60. தேசிய குடும்ப நல ஆய்வு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் விவரம் கேட்கிறது. கருவுற்ற காலம், பேறுகாலம், குடும்ப நலம் ஆகியவற்றில் அவர்களுக்குப் பதிவேடு உண்டு; அட்டை உண்டு. 60 வயது நிரம்பியதும், 2010-11இல் தொடங்கப்பெற்ற முதியோர் நல மருத்துவத் திட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறார்கள் என்று கேட்டால், இரத்த அழுத்தம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையைக் காட்டலாம். அது 30 வயதைக் கடந்த ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவானது. பெண்ணுக்கே உரிய ஒரு பெரும் மாற்றம் இவ்வயதை ஒட்டி நிகழ்கிறது என்பதற்கு நம் திட்ட ஏடுகளில் தனித் தலைப்பைக் காண்பது அரிது.

அம்மாற்றத்தோடு சேர்ந்து வரக்கூடிய மனச்சோர்வே இக்கட்டுரையின் பொருள். இதனை ஒரு சிலரின் சொந்தத் துயரம் என்று தள்ளிவிட முடியாது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 40 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள் ஏறத்தாழ 6.5 கோடி, 50 முதல் 54 வயதினர் மேலும் 2.3 கோடி. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருப்பதைக் கண்டது. அந்நோய் பெண்களிடமும், 40 முதல் 49 வயதினரிடமும், பெருநகரவாசிகளிடமும் மிகுந்திருந்தது. நோயுற்றோரில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு.

மாறுகாலம் என்பது யாது?

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால்தான், கடைசியாக வந்ததே முடிவு என்று பின்னோக்கிக் கூற முடியும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளை, ஒழுங்கு குலையத் தொடங்கிய நாளிலிருந்து, மாறுகாலம் எனலாம். 2001இல் மருத்துவ அறிஞர்கள் கூடி வகுத்து, 2011இல் திருத்திய வரையறை இதனை இரு கட்டங்களாகப் பிரிக்கிறது. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் 7 நாளோ அதற்கு மேலோ வேறுபடத் தொடங்குவது முற்பகுதி. இரண்டு மாதவிடாய்களுக்கு இடையே 60 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விழுவது பிற்பகுதி. மேலைநாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியாவில் அது 46, 47 அளவிலேயே இருக்கிறது. கல்வி குறைந்த, வறிய, கிராமப்புறப் பெண்களிடம் இன்னும் முந்தி வருகிறது. ஆகவே நம் நாட்டுப் பெண்கள் பலர் நாற்பதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே மாறுகாலத்துள் நுழைந்துவிடுகிறார்கள்.

இப்பருவத்தில் மனம் தளர்வது குறித்து மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியிருக்கிறது. ஜெர்மானிய மனநல அறிஞர் கிரெப்பெலின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உடல் தேயும் பருவத்துக்கே உரிய ஒரு மனச்சோர்வு நோய் இருப்பதாக எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் 1968ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அது இடம்பெற்றிருந்தது. அவ்வயதுப் பெண்களின் மனச்சோர்வு ஏனைய வயதினரின் மனச்சோர்விலிருந்து வேறுபட்ட தனி நோயன்று எனத் தெளிந்தபின், 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரியே. ஆனால் தனி நோய் இல்லை என்பதை, இப்பருவத்தில் ஆபத்தே இல்லை என்று பலர் பொருள் கொண்டுவிட்டனர்.

இதே காலத்தில் நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று எடுத்துக் காட்டப்பட்டது. அமெரிக்க மானிடவியலார் மார்ஷா ஃபிளின்ட், ராஜஸ்தானிலும் இமாசலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களைக் கண்டு 1975இல் வெளியிட்ட கட்டுரை அது. மாதவிடாய் நின்றபின் அப்பெண்கள் முகத்திரையை நீக்கலாம். ஆடவர் கூடியிருக்கும் இடத்தில் அமர்ந்து பேசலாம். மாதவிடாய் மாறுபட்டது தவிர வேறு துன்பத்தை மிகச் சிலரே கூறினர் என்றும், அவர்களுக்கு அது தண்டனையன்று, வெகுமதி என்றும் அவர் எழுதினார். சமூகத்தில் மதிப்பு உயர்ந்தால் மனத்தின் சுமை குறையும் என்ற அளவில் அக்கருத்து இன்றும் எண்ணத்தக்கது. ஆயினும், இந்தியப் பெண்களுக்கு இத்தொல்லை கிடையாது என்று அதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு, அது தவறு. பின்னர் பல மாநிலங்களில் நடந்த ஆய்வுகளில் உறக்கமின்மை, மூட்டுவலி, அயர்ச்சி, எரிச்சல், மனக்கலக்கம் எல்லாமே பதிவாகியுள்ளன. முகத்திரை நீங்குவதால் பெண்ணுக்கு உறக்கம் வந்துவிடுவதில்லை.

அளந்து கண்டவை

ஒரே பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வந்த பிறகே குழப்பம் தீர்ந்தது. அமெரிக்காவில் ஏழு இடங்களில் 42 முதல் 52 வயது வரையுள்ள 3,302 பெண்களை 1990களின் நடுப்பகுதியிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வு அவற்றுள் பெரியது. மாறுகாலத்திலும் அதை அடுத்தும் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு, முந்தைய நிலையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு உயர்வதை அது 2011இல் தெரிவித்தது. அதற்கு முன்னரே, 2006இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அதுவரை மனச்சோர்வே கண்டிராத பெண்களிடமும் இக்காலத்தில் அதன் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டியிருந்தன. 2024இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், பல நாடுகளில் 9,141 பெண்களிடம் நடந்த 7 ஆய்வுகளைத் தொகுத்து, மனச்சோர்வு அறிகுறிகளின் வாய்ப்பு 40 விழுக்காடு கூடுவதாக மதிப்பிட்டனர். எண்கள் வேறுபடுவதற்கு, எதை அளந்தார்கள் என்பது வேறுபடுவதே காரணம். ஓரிடத்தில் முழு நோய், மற்றோரிடத்தில் அறிகுறிகள்.

இவ்வெண்களைத் தலைகீழாகப் படித்துவிடக் கூடாது. பெரும்பாலான பெண்கள் மனச்சோர்வு நோய் இன்றியே இப்பருவத்தைக் கடக்கிறார்கள். ஐம்பதை நெருங்கும் பெண் சினந்து பேசினால் ‘வயதுக்கோளாறு’ என்று சிரிக்கும் அலுவலகங்களை நான் அறிவேன். அச்சிரிப்புக்கு இவ்வாய்வுகளில் ஆதாரம் இல்லை.

உடலில் நடப்பது என்ன? மாறுகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் படிப்படியாக இறங்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது சில மாதங்களில் இளமையில் இருந்ததைவிடவும் உயர்ந்து, பின் திடீரென விழுகிறது. மனநிலையைக் காக்கும் செரட்டோனின் முதலிய பொருள்கள் மூளையில் செயற்படுவதற்கு ஈஸ்ட்ரோஜன் துணைசெய்கிறது. புரோஜெஸ்ட்ரோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருளோ மூளையை அமைதிப்படுத்தும் இயல்புடையது. இவை குறைந்த அளவில் நிலைத்து நின்றால் உடல் பழகிக்கொள்கிறது. ஏறி இறங்குவதே சிலரை வருத்துகிறது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. விலைவாசி உயர்ந்து ஓரிடத்தில் நின்றால் குடும்பம் எப்படியோ ஈடுகட்டிக்கொள்ளும். வாரந்தோறும் ஏறி இறங்கினால் எந்தக் கணக்கும் நிற்காது. இத்துடன், இரவில் உடல் திடீரெனச் சூடேறி வியர்த்து உறக்கம் கலைகிறது. தொடர்ந்து உறக்கம் கெட்டவர் எவராயினும் மனம் சோர்வது இயல்பு.

ஆயினும் ஹார்மோன் எல்லாப் பெண்களிடமும் மாறுகிறது. மனச்சோர்வோ சிலருக்குத்தான் வருகிறது. முன்பே ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்கள், பேறுகாலத்தை ஒட்டி அவதிப்பட்டவர்கள், பணமுடை உள்ளவர்கள், அண்மையில் இழப்பைச் சந்தித்தவர்கள், துணைநிற்க ஆளில்லாதவர்கள் ஆகியோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். நம் குடும்பங்களில் 45 வயதுப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். மகளின் திருமணம், மகனின் வேலை, மாமியாரின் படுக்கை, கணவரின் இரத்த அழுத்தம் எல்லாம் ஒரே ஆண்டில் வந்து சேரும் வயது அது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். 2019இல் இது முறையே 299, 97 ஆக இருந்தது. பெண்ணின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆணின் பங்கும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்தது.

அறுவையால் நேரும் நிறுத்தம்

மாறுகாலத்தில் சிலருக்கு உதிரப்போக்கு மிகுதியாகிறது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டுகளின் குடும்ப நல ஆய்வு கூறும் நாட்டில், இது சிறு செய்தியன்று. அயர்ச்சி, படபடப்பு, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரத்தசோகைக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான அறிகுறிகள். முன்னதைப் பாராமல் பின்னதற்கு மருந்து கொடுப்பதும், பின்னதைக் கேளாமல் இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவதும் அன்றாடம் நடப்பவையே.

மூன்றாவதாக ஒன்று நடக்கிறது. கேடு மிகுந்தது அதுதான். உதிரப்போக்குக்கு மருந்துகள் இருக்க, கருப்பையையே எடுத்துவிடுகிறார்கள். கருப்பை நீக்கப்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மிகுந்த உதிரப்போக்கையே காரணமாகக் கூறியுள்ளனர். மூன்றில் இரண்டு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்துள்ளன. சூலகங்களையும் உடன் அகற்றினால் பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழ வேண்டிய மாற்றம் ஓரிரு நாளில் நிகழ்ந்துவிடுகிறது. உரிய காலத்துக்கு முன் சூலகங்களை இழந்த பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் கணவன் மனைவி இணையாகவே கூலிக்கு அமர்த்தப்படுகின்றனர். ஒரு நாள் வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. அங்கு 2019இல் மாநில அரசு அமைத்த குழு, 82,309 பெண் தொழிலாளர்களிடம் விசாரித்து, 13,861 பேருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருப்பதைக் கண்டது. வேலைநாளை இழக்கலாகாது என்ற அச்சமும், புற்றுநோய் வரும் என்று கூறப்பட்ட அச்சுறுத்தலும் சேர்ந்து இளம்பெண்களையும் அறுவை மேசைக்குக் கொண்டுசென்றன. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையற்ற அறுவைகள் பற்றிய பொதுநல வழக்கில், மத்திய அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. நெறிமுறைகள் அறுவையின் எண்ணிக்கையைப் பற்றியவை. அறுவைக்குப் பின் அப்பெண்ணின் மனநிலை என்னாயிற்று என்று பின்தொடர்ந்து கேட்கும் பதிவேட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

ஒரு கோப்பு

சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு விருப்ப ஓய்வு கோரும் விண்ணப்பம் ஒன்று வந்தது. பெண் அலுவலர், வயது 48, பணிக்காலம் 24 ஆண்டு. காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதியிருந்தார். 20 ஆண்டுத் தகுதிப்பணி நிறைந்துள்ளதா, துறை நடவடிக்கை ஏதும் நிலுவையில் உள்ளதா, மூன்று மாத அறிவிப்பு முறைப்படி உள்ளதா என்பவற்றைச் சரிபார்த்து, ஏற்கலாம் எனக் குறிப்பெழுதி அனுப்பினேன். கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

ஈராண்டு கழித்து, வேறொருவரின் பணி நிறைவு விழாவில் அவரைச் சந்தித்தேன். முகம் தெளிந்திருந்தது. அந்த ஓராண்டு முழுவதும் இரவு இரண்டு மணிக்கு மேல் உறங்கியதில்லை என்றார். இருபது ஆண்டு எழுதிப் பழகிய வரைவுக் கடிதத்துக்கு அரை நாள் பிடித்ததாம். தமக்கு அறிவு மங்கிவிட்டது, அது பிறர்க்குத் தெரியுமுன் போய்விட வேண்டும் என்றே விண்ணப்பித்ததாகக் கூறினார். ஓய்வு பெற்றபின், தலைவலிக்காகப் பார்த்த ஒரு மருத்துவர் மாதவிடாயைப் பற்றியும் உறக்கத்தைப் பற்றியும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். நான்கு மாத மருந்திலும் ஆலோசனையிலும் தெளிவு திரும்பிவிட்டது. அறிவிப்புக் காலம் முடியுமுன் ஒப்புதல் பெற்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதி அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். “நீங்கள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ, சார்” என்றார். அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், நான் கேட்கவில்லை என்பது மாறாது. 60 வயது வரை 12 ஆண்டுகள், பயிற்சி முதிர்ந்த உழைப்பு. இவ்விழப்பை எந்தத் தலைப்பில் பற்றெழுதுவது?

செய்யக்கூடியவை

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதே முதலில் பரவ வேண்டிய செய்தி. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் கவிந்திருந்தாலோ, பிடித்தவற்றில் நாட்டம் அற்றுப்போனாலோ, அது வயதின் இயல்பன்று. இரத்தசோகையும் தைராய்டுக் குறைபாடும் உள்ளனவா என்று பார்த்த பிறகு, மனச்சோர்வுக்கான வழக்கமான மருந்துகளும் பேச்சுவழிச் சிகிச்சையுமே எவ்வயதினர்க்கும் போல இவர்களுக்கும் முதல் வழி. ஈஸ்ட்ரோஜன் மருந்து உடல் சூடேறுவதைத் தணிக்கும்; மாறுகாலத்தில் சிலருக்கு மனநிலையையும் சீராக்குகிறது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய், இரத்த உறைவு ஆகிய ஆபத்துகளைக் கூறி இடையில் நிறுத்தப்பட்டதும், அம்மருந்தின் பெயர் கேட்டாலே அஞ்சும் நிலை ஏற்பட்டது. அவ்வாய்வில் பங்குபெற்றோரில் பெரும்பாலோர் 60ஐ ஒட்டியோ கடந்தோ இருந்தவர்கள். மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், தகுந்தவர்களுக்கு நன்மையே மிகுதி என்பது பின்னர் தெளிவாயிற்று. யாருக்குத் தகும், யாருக்குத் தகாது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

மனநல மருத்துவர்கள் போதிய அளவில் இல்லை என்ற மறுப்பு உடனே எழும். அதற்குக் கோவா விடையளித்துள்ளது. அங்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநலக் கல்வி பெறாத சாதாரணப் பணியாளர்களைச் சில வாரங்கள் பயிற்றுவித்து, மனச்சோர்வு மிகுந்தோரிடம் ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசச் செய்தனர். கைவிட்ட பழக்கங்களைச் சிறுகச்சிறுக மீண்டும் தொடங்கச் செய்வதே அப்பேச்சின் மையம். மூன்று மாதத்தில் அவ்வாறு உதவி பெற்றோரில் 64 விழுக்காட்டினர் நோய் நீங்கியிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 விழுக்காட்டினர். 2016 இறுதியில் வெளியான இம்முடிவு, பயனடைந்தோரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் நம் பொருளுக்கு நேரடியாகவே உரியது.

இனி, நோயுற்ற பெண்ணை எங்கே கண்டுபிடிப்பது? புதிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 30 வயது கடந்தோருக்காக ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பெண்களுக்கான வினாக்களில், மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டதா என்று ஒன்று இருக்கிறது. கருப்பைப் புற்றுநோயைக் கருதிக் கேட்கப்படுவது அது. படிவத்தின் பிற்பகுதியில், கடந்த இரண்டு வாரத்தில் செயல்களில் நாட்டம் குறைந்ததா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்று இரு வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3ஐத் தாண்டினால் சமூக சுகாதார அலுவலரிடமோ மருத்துவரிடமோ அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்றது ஒரு பக்கம். மனம் தளர்ந்தது மற்றொரு பக்கம். ‘மாதவிடாய் கடந்த ஓராண்டில் ஒழுங்கு மாறியுள்ளதா? உறக்கம் எப்படி?’ என்று இரண்டு வரிகளைச் சேர்த்தால் அவ்விரு பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்.

வினாவைவிடக் கேட்கும் இடம் முக்கியம். திண்ணையில், மாமியார் அருகிருக்கக் கேட்டால் இரண்டுக்கும் 0 என்ற விடையே வரும். தளர்ந்த மனத்தை நம் பெண்கள் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே கூறுவர்: கை கால் ஓய்ச்சல், தலைசுற்றல், வெள்ளைப்படுதல். கோவாவில் நடந்த ஆய்வுகள், வெள்ளைப்படுவதாக முறையிட்ட பெண்கள் பலரிடம் தொற்றைவிட மனத்துயரமே வலுவான தொடர்புடையதாக இருப்பதைக் கண்டன. எனவே, எடை பார்க்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் துணை சுகாதார நிலையத்துக்கு வரும்போது தனியே கேட்பது நல்லது. ஆஷா பணியாளர்கள் பலரும் தாமே இவ்வயதை எட்டியவர்கள் என்பதையும் பயிற்சி தருவோர் மறக்கலாகாது. அவர்களிடம் முதலில் கேட்கலாம்.

அனுப்பப்படும் பெண்ணைப் பெற்றுக்கொள்ள, 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கி இன்று 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் ஏற்கப்பட்டுள்ள மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. மாவட்டத் தலைநகருக்குப் போகப் பேருந்துக் கட்டணமோ, வீட்டாரின் சம்மதமோ இல்லாதவர்களுக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டியவர்களுக்கும், 2022 அக்டோபர் 10 முதல் இயங்கிவரும் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணைத் துணை சுகாதார நிலையச் சுவரில், கருத்தடை விளம்பரத்தின் பக்கத்தில், ஐம்பது வயதுப் பெண்ணும் நின்று படிக்கும் உயரத்தில் எழுதிவைக்கலாம்.